அந்த உருண்டைக்கு என்ன பேர்?

ஒரு வாரமாக ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். டோர்நாப். பிடித்துத் திருகிக் கதவைத் திறப்போமே, அந்த உருண்டை. தமிழில் மொழிபெயர்க்க இதில் என்ன இருக்கிறது, கதவுக் கைப்பிடி என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், போட்டும் அனுப்பினேன், அது சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

வேலை இதுதான். கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், விரல் மரத்துப்போனவர்கள், முடக்குவாதம் வந்தவர்கள், இவர்களிடம் கேட்பதற்கென்றே மருத்துவர்கள் கேள்விப் பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். கை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள், அதனால் அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேட்பது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1998-இல் வந்த ஒரு பட்டியல் இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். அதில் ஒற்றைக் கையால் செய்யும் காரியங்கள் என்று ஐந்து இருக்கும்: டோர்நாபைத் திருப்புவது, நாணயத்தைப் பொறுக்குவது, தண்ணீர் டம்ளரைப் பிடிப்பது, பூட்டில் சாவியைத் திருப்புவது, வாணலியைப் பிடிப்பது. என்னிடம் மொழிபெயர்க்க வந்தது அந்தப் பட்டியல் அல்ல, ஆனால் அதே ஜாதி, அதிலும் டோர்நாப் இருந்தது. நாணயம், டம்ளர், சாவி, வாணலி எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள், கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிடலாம். டோர்நாப்தான் வாசலிலேயே நின்றுவிட்டது.

இந்த மாதிரி வேலைகளில் ஒரு நடைமுறை உண்டு. நான் தமிழில் எழுதியதை, மூலத்தைக் கண்ணால் பார்க்காத இன்னொருவர் திரும்பவும் ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எங்கே பொருள் நழுவியது என்று கண்டுபிடிப்பார்கள். நான் எழுதிய ‘கதவுக் கைப்பிடி’ அங்கே போய் டோர் ஹேண்டில் ஆகித் திரும்பியது. ஹேண்டில் என்றால் பிடித்து இழுப்பதாகவும் இருக்கலாமே, எங்களுக்கு மணிக்கட்டு திரும்ப வேண்டும், முன்கை திரும்ப வேண்டும், விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் கேள்வியின் உயிர் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். நியாயம்தான். சரி என்று அகராதியைத் திறந்து, அங்கே இருந்த ‘கதவுக் குமிழ்’ என்பதை எடுத்துப் போட்டேன். அது இரண்டு நாள் கழித்து டோர் பபிள் என்று திரும்பி வந்தது. கதவு நீர்க்குமிழி! நோயாளி தன் வலது கையால் கதவின் நீர்க்குமிழியைத் திருப்புவதை நினைத்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுகை வந்தது, ஏனென்றால் இந்த வேலைக்குக் காசு பக்கக் கணக்கில், நாள் கணக்கில் இல்லை.

ஆனால் குமிழ் தப்பான சொல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல சொல். சாமியார்கள் போடும் பாதக்குறட்டில் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு முளை நிற்குமே, அதற்குப் பெயர் குமிழ்தான். குமிழ் என்றொரு மரம் உண்டு, அதன் பூவை மூக்குக்கு உவமை சொல்வது பழைய வழக்கம். பழைய வீட்டுக் கதவுகளிலும் கோயில் கதவுகளிலும் வரிசை வரிசையாக அடித்திருக்கும் பித்தளைக் குமிழ்களை நாம் எல்லோருமே சின்ன வயதில் தடவிப் பார்த்திருக்கிறோம். சிக்கல் அங்கேதான். கதவுக் குமிழ் என்று என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தப் பித்தளைக் குமிழ்கள்தான் ஞாபகம் வந்திருக்கும். அவை அழகுக்கு இருப்பவை, திரும்பாதவை. அதாவது அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு பொருளுக்குப் போய்விட்டது, அகராதிக்காரர்கள் அதை மாற்றிக் கூப்பிடுகிறார்கள், பொருள் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறது.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல் சும்மா வானத்திலிருந்து விழவில்லை. நாப் என்பது வட ஜெர்மனிப் பக்கத்துப் பழைய பேச்சிலிருந்து வந்தது, மரத்தில் இருக்கும் கணு, மொட்டு என்றெல்லாம் பொருள். மரத்தில் முண்டிக்கொண்டு நிற்பது எதுவோ அது நாப். அங்கே மரக்கணு கதவுக்குப் போய்ப் பிடிமானமாகியது, இங்கே குமிழ் செருப்புக்குப் போனது. இங்கிலாந்தில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும், டோர் இல்லாமல் தனியாகச் சொன்னால் ஆளைத் திட்டுவதாகிவிடும், அதுவும் வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாத திட்டு. அமெரிக்காவில் ஒருவனை மக்கு, மரமண்டை என்று சொல்ல ‘டோர்நாப் அளவுக்கு மந்தம்’ என்பார்கள். நாம் மரம் மாதிரி நிற்காதே என்கிறோம், அவர்கள் அந்த மரத்தின் கணுவைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிகாகோவில் இருக்கும் என் அக்கா மகனுக்கு டோர்நாப் என்றால் ஷாக். குளிர்காலத்தில் கார்ப்பெட் மேல் நடந்துபோய்த் தொட்டால் சுளீர் என்று ஒரு பொறி. காற்று வறண்டு கிடக்கும் ஊரில் உடம்பில் சேரும் மின்சாரம் உலோகத்தைக் கண்டதும் பாய்ந்துவிடும். அவன் முதலில் சாவியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையை வைப்பானாம். சென்னை வியர்வையில் இந்தக் கவலை நமக்கு இல்லை.

நம் கதவுகளை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர் வேதாரண்யம். தாத்தா கட்டிய வீட்டில் இரட்டைக் கதவு, கீல் கிடையாது, மேலேயும் கீழேயும் குடுமி வைத்து நிலையில் இருக்கும் குழியில் உட்கார்த்தியிருப்பார்கள், திறக்கும்போது யானை முனகுவது மாதிரி ஒரு சத்தம். உள்பக்கம் தாழ்ப்பாள், பேச்சில் தாப்பா. வெளிப்பக்கம் மேலே சங்கிலியும் நாதாங்கியும். நாதாங்கி என்ற சொல்லை ஒரு நிமிஷம் நின்று பாருங்களேன், நாவைத் தாங்குவது. கதவுக்கு ஒரு நாக்கு, அதை ஏந்திக்கொள்ள ஒரு தாங்கி. தாழ் குறளிலேயே வந்துவிட்டது, அன்புக்குத் தாழ் இல்லை என்று ஆறாம் வகுப்பிலேயே ஒப்பித்திருக்கிறோம். தாழ், தாழ்ப்பாள், நாதாங்கி, கொண்டி, கொக்கி என்று இவ்வளவு சொல் வைத்திருக்கிறோமே, எல்லாமே அடைப்பதற்கு. திறப்பதற்கென்று கதவில் தனியாக ஒரு பொருள் இல்லை, தேவையும் இல்லை, பகல் முழுக்கக் கதவு திறந்தேதான் கிடக்கும், நாய் வரக்கூடாதென்றால் ஒருக்களித்து வைப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர் செய்ய வேண்டியது தள்ளுவதுதான். அதுவும் உள்ளேயிருந்து யாராவது ‘வாங்க வாங்க’ என்ற பிறகு.

டோர்நாப் பிறந்த ஊரில் கதை வேறு. குளிர் ஊர், கதவு சாத்தியே இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் தாழ் போட்டு எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கதவு தானாகக் கவ்விக்கொள்ள வேண்டும், ஒரு கை அசைவில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அந்த வேலையைத்தான் அந்த உருண்டை செய்கிறது. உருண்டையைத் திருப்பினால் நடுவே ஓடும் தண்டு சுழலும், அது கதவின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோக நாக்கை உள்ளே இழுக்கும், கையை விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். நாக்கின் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருப்பார்கள், கதவைத் தள்ளிச் சாத்தும்போது நிலையில் உள்ள தகட்டில் அந்தச் சரிவு உரசி, தானே உள்ளே போய், ஓட்டை வந்ததும் டக் என்று வெளியே வந்து உட்கார்ந்துவிடும். அந்தத் தகடு வேறு என்ன, நாதாங்கிதான்! பொருளின் பாதிக்கு நம்மிடம் ஆயிரம் வருஷமாகச் சொல் இருக்கிறது, கை படுகிற மீதிப் பாதிக்கு இல்லை.

உருண்டைக்குள்ளேயே பூட்டையும் வைத்து, நடுவில் ஒரு பட்டனை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும்படி செய்து பரப்பியவர் வால்டர் ஷ்லாக் என்று ஜெர்மனியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்க் குடியேறியவர், 1920-களில். அதற்கு முன்னாலேயே 1909-இல் கதவைப் பூட்டித் திறக்கும்போதே விளக்கும் எரிந்து அணைகிற மாதிரி ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர், அப்படிப்பட்ட மூளை. இன்று நம் அடுக்குமாடிக் குளியலறைகளில், பிளாஸ்டிக் கதவில், ஸ்டீல் நிறத்தில் மின்னும் உருண்டைப் பூட்டு அந்தப் பரம்பரையில் வந்ததுதான். ஹார்டுவேர் கடையில் அதற்கு ரவுண்டு லாக் என்று பேர், கொஞ்சம் படித்த கடைக்காரர் என்றால் சிலிண்ட்ரிக்கல் லாக். டவர் போல்ட், ஆல்டிராப் என்றெல்லாம் வாய் நிறையச் சொல்லும் ஆசாரிகள் ஒருவர்கூட டோர்நாப் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் நாப் என்ற சொல் தமிழ்நாட்டுக்குள் வராமல் இல்லை, வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. சமையலறை வழியாக. ‘கேஸ் நாபை ஆஃப் பண்ணியா?’ என்று பஸ் ஏறிய பிறகு கேட்காத குடும்பம் உண்டா? அடுப்பு நாப், மிக்சி நாப். சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொற்கள், இன்று அவற்றைத் தமிழில்லை என்று சொன்னால் ஆயா அடிக்க வருவாள். நாபும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது, கதவில் மட்டும் ஒட்டவில்லை. இது தோன்றியதும் எனக்கு ஒரே உற்சாகம். கதவை விட்டுவிடுவோம், ‘கேஸ் அடுப்பின் நாபை அழுத்தித் திருப்புவது’ என்று எழுதிவிடலாம், அதே விரல்கள், அதே திருகல் என்று யோசனை எழுதி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: ஆண் நோயாளிகளில் எத்தனை பேர் இதற்கு விடை சொல்வார்கள்? வாயை மூடிக்கொண்டேன். என் அப்பா இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று டிக் அடித்திருப்பார்.

இப்படி நான் சொல்லோடு கிடந்த வாரத்தில்தான் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவள், அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

‘அடியே, இந்த உருண்ட சுத்த மாட்டேங்குதுடி.’

‘பட்டனை அமுக்கியிருப்பம்மா, உருண்டையைத் திருப்பு, தானா விட்டுரும்.’

‘திருப்புறேன், கை வழுக்குது.’

எண்ணெய்க் கை. சீயக்காய் போட்டும் போகாத எண்ணெய். துண்டால் பிடித்துத் திருப்பு என்றேன், துண்டே ஈரமாம். புடவை முந்தானையால் பிடித்துப் பார்த்தாள், உருண்டை கால் சுற்று வந்து நழுவித் திரும்பிப் போய்விட்டது. நான் வெளியிலிருந்து என் பக்கத்து உருண்டையைப் பிடித்து முறுக்கினேன், பூட்டு விழுந்திருப்பதால் அது கல் மாதிரி நிற்கிறது. வீட்டுக்காரர் ஆபீசில், பையன் பள்ளிக்கூடத்தில், வாட்ச்மேன் அண்ணன் தண்ணி லாரியோடு சண்டையில். எனக்கு வியர்த்துவிட்டது. அம்மாவோ உள்ளே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘அப்பர் மாதிரி பதிகம் பாடட்டுமா?’ என்கிறாள்.

வேதாரண்யத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த நேரத்தில் இந்த ஜோக் வரும். வேதங்கள் வழிபட்டு அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார், அதுவும் சட்டென்று திறக்கவில்லை, பதிகம் முழுக்கப் பாடிக் கெஞ்ச வேண்டியிருந்தது. பிறகு சம்பந்தர் சாத்தச் சொல்லிப் பாடினார், முதல் பாட்டிலேயே சாத்திக்கொண்டது என்பது எங்கள் தலபுராணம். சாத்துவது சுலபம், திறப்பதுதான் கஷ்டம். அம்மா உள்ளேயிருந்து நிஜமாகவே ராகம் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எங்களுக்குத் தெரிந்த ஆசாரித் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை. ‘அக்கா, வெளிப்பக்கம் உருண்டை நடுவுல குண்டூசி போற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க.’ மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன், தினம் பத்துத் தடவை பிடிக்கிறேன், அப்படி ஓர் ஓட்டை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ‘அதுல ஊக்கு கீக்கு எதையாவது நேரா விட்டு அமுக்குங்க, டிக்குனு ஒரு சத்தம் வரும், அப்புறம் திருப்புங்க.’ ஊக்கு நீளம் பத்தவில்லை. ஊதுபத்திக் குச்சியை விட்டேன், நுனி முறிந்தது, நல்லவேளை வெளியே முறிந்தது. கடைசியில் கொண்டை ஊசி ஒன்றைப் பல்லால் கடித்து நிமிர்த்தி உள்ளே விட்டு அமுக்க, எங்கேயோ ஆழத்தில் ஒன்று இடறி, டிக். திருப்பினேன். கதவு திறந்தது. அம்மா ஈரத்தலையோடு, பதிகம் எத்தனையாவது பாட்டில் நிற்கிறது என்பதைப் போல விரலை எண்ணிக்கொண்டு நிற்கிறாள். மொத்தம் நாற்பது நிமிஷம்.

அன்று சாயங்காலமே ஹார்டுவேர் கடைக்குப் போய் ரவுண்டு லாக்கை மாற்ற வேண்டும் என்றேன். அதே ரவுண்டில் புதுசு 450 ரூபாய், நீட்டுக் கைப்பிடி வைத்தது 1,150. நீட்டுக் கைப்பிடி என்றால் முழங்கையால் அழுத்தினால்கூடத் திறக்கும், கையில் வாளி இருந்தாலும் திறக்கும். கனடாவில் வான்கூவர் நகரத்தில் புதுசாகக் கட்டும் வீடுகளில் உருண்டையே வைக்கக்கூடாது, நீட்டுக் கைப்பிடிதான் வைக்க வேண்டும் என்று 2013-இல் விதி போட்டு, 2014 மார்ச்சிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். டோர்நாபுக்குத் தடை என்று அப்போது உலகம் முழுக்கப் பேப்பரில் வந்தது, பலர் கேலி செய்தார்கள். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1990 சட்டத்தின்கீழ் வந்த கட்டட விதிகள், பொதுக் கட்டடங்களில் கதவைத் திறக்க இறுக்கிப் பிடிக்கவோ கிள்ளிப் பிடிக்கவோ மணிக்கட்டை முறுக்கவோ தேவைப்படக்கூடாது என்கின்றன. அந்த வாக்கியத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது: என் கேள்விப் பட்டியல் எதை அளக்கிறதோ, அந்தச் சிரமத்தைத்தான் அந்த விதி யாருக்கும் தரக்கூடாது என்கிறது. விட்கென்ஸ்டைன் என்ற தத்துவக்காரர் 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தன் அக்காவுக்கு வீடு கட்டியபோது கதவுக் கைப்பிடிகளுக்காகவே மாதக்கணக்கில் மெனக்கெட்டார் என்பார்கள். ஒரு சொல்லின் பொருள் என்பது பெரும்பாலும் அதை நாம் பயன்படுத்தும் விதம்தான் என்று பின்னால் எழுதியவரும் அவரே. அவர் செய்ததும் உருண்டை இல்லை, வளைந்த கைப்பிடி. நான் 1,150-ஐக் கொடுத்தேன்.

அதே தேடலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவர்களும் மனநல ஆலோசகர்களும் டோர்நாபை வேறொரு பொருளில் அன்றாடம் சொல்கிறார்கள். நோயாளி வந்து உட்கார்ந்து சளி, தூக்கமில்லை என்று கால் மணி நேரம் பேசுவார், மருந்துச் சீட்டு வாங்கி எழுந்து போய் டோர்நாபில் கை வைத்த பிறகு திரும்பி, ‘அப்புறம் டாக்டர், நெஞ்சில் ஒரு வலி’ என்பார். வந்த விஷயமே அதுதான். அந்தக் கடைசி நிமிஷப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரிலேயே டோர்நாப் இருக்கிறது. இதை எப்படித் தமிழில் சொல்வது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, பக்கக் கணக்கில் இது வராது, இருந்தாலும் கை அரித்தது. கதவுக் குமிழ்த் தருணம் என்று எழுதினால் என்னையே எனக்குப் பிடிக்காது. நம்மிடம் அது கதவில் நடப்பதில்லை, செருப்பில் நடக்கிறது. சொந்தக்காரர்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், மழை, விலைவாசி, யார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்து, சரி வரட்டுமா என்று எழுந்து, வாசலில் ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் காலால் தேடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் ‘ஒரு அம்பதாயிரம் கிடைக்குமா’ என்பார்கள். அல்லது ‘பொண்ணு வீட்டுக்கு வந்துருச்சு, ரெண்டு மாசமாச்சு’ என்பார்கள். சோபாவில் உட்கார்ந்து சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும் போல. செருப்பு மாட்டும்போது வரும் பேச்சு என்று என் நோட்டில் எழுதி வைத்தேன்.

நடுவில் ஒன்று, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ சொல்லிவிடுகிறேன். கடைக் கண்ணாடிக் கதவுகளில் ‘தள்ளு’, ‘இழு’ என்று ஒட்டியிருக்கிறார்களே, அது என்ன மரியாதை? பேங்க்கில் கடன் கேட்கப் போகிற மனிதரை ‘தள்ளு’ என்கிறது கதவு. அதோடு தள்ள வேண்டிய பக்கத்திலும் அதே நீளக் கைப்பிடியை வைத்திருப்பார்கள், கை தானாக இழுக்கும், கதவு இடிக்கும், உள்ளே இருப்பவர் சிரிப்பார். கையைப் பார்த்தே கதவுக்குப் புரிய வேண்டும், கதவைப் பார்த்தே கைக்குப் புரிய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உருண்டையைக் குறை சொல்ல முடியாது, அதைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துத் திருகத்தான் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவுக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து ஒன்பதரைக்கு பஸ். ஏழரைக்கெல்லாம் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். முறுக்கு டப்பா, என் பழைய புடவை இரண்டு, கூடவே அந்த ரவுண்டு லாக், தூக்கிப் போட மனசில்லையாம், ஊர்க் கொல்லைக்கதவுக்கு ஆகுமாம். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மா படியில் உட்கார்ந்து ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். வார் வைத்த செருப்பு. மற்றதன் வாரை மாட்ட இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

‘அன்னைக்கு எண்ணெ மட்டும் இல்லடி.’

‘என்ன?’

‘கை. உருண்டயப் புடிச்சா புடிச்ச மாதிரியே தெரியல.’

நான் சாவியைத் தேடுவதை நிறுத்தினேன். எப்போதிருந்து என்று கேட்டால் பொங்கலுக்கு முன்னாலிருந்தாம். கட்டை விரலும் பக்கத்தில் இரண்டு விரலும் மரத்துப்போகிறதாம், ராத்திரியில் எரிந்து முழிப்பு வருகிறதாம், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிவிடுகிறதாம். பூ கட்டும்போது நார் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறதாம். இத்தனையையும் வாரை மாட்டிக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக்காரி கதையைப் போலச் சொல்கிறாள். பத்து நாள் என்னோடு இருந்தாள், மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், நான் கையைப் பற்றி எழுபது கேள்வியைத் தமிழாக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோவை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலை எடுத்து வந்து படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாணயம் பொறுக்க முடியுதா? ‘கீழ விழுந்தா விட்டுருவேன்.’ டம்ளர்? ‘எடது கையாலதான்.’ சாவி? ‘ஒங்கப்பா பெட்டி சாவின்னா முடியாது.’ அப்புறம் அந்த வரி வந்தது. கைப்பிடி, குமிழ், நாப் என்று மூன்று சொல்லை அடித்துத் திருத்தி வைத்திருந்தேன், எதைப் படிப்பதென்று ஒரு கணம் தடுமாறி, ‘கதவு உருண்டையைத் திருப்புறது?’ என்றேன்.

‘அதான் நாப்பது நிமிஷம் உள்ள கெடந்தேனே, அதையும் எழுதிக்க.’

எழுதிக்கொண்டேன். மறுநாள் அனுப்பிய தாளிலும் ‘கதவின் உருண்டைக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவது’ என்றே போட்டேன், இந்த முறை அது பத்திரமாகப் போய் டோர்நாபாகவே திரும்பி வந்தது. அம்மாவுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர், ராத்திரியில் கட்டிக்கொண்டு தூங்க ஒரு பட்டை கொடுத்திருக்கிறார், ஆறு வாரம் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம் என்றிருக்கிறார். பஸ் டிக்கெட் போனது போனதுதான். ரவுண்டு லாக் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது, வெளியே எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.